எஞ்சிய ஒரு தவலை

பேத்தியின் காதணி விழாவுக்காகப் பண்ணைப்புரத்தில் எங்கள் தெருவாரிடம் வீட்டுக்கு ஒன்றாக நாற்பத்தொரு பாத்திரங்களை இரவல் பெற்றிருந்தோம். ஒவ்வொன்றின் அடியிலும் உரிய வீட்டின் குறி வெட்டப்பட்டிருந்தது. வந்தவற்றை மருமகள் மடிக்கணினியில் பட்டியலிட்டாள். விழா முடிந்து திருப்பிக் கொடுத்தவற்றை நான் பட்டியலிட்டேன். அடிக்குறி, வகை, உள்ளிருப்பு எனப் பாத்திரத்துக்கு மூன்று செய்திகள். பாத்திரத்தினுள் என்ன இருக்கிறது என்று குறிக்கும் உள்ளிருப்பு என்னும் கட்டத்தை வேண்டிப் பெற்றவன் நானே. ஆவணம் முழுமையாக இருத்தல் வேண்டும் என்பது தமிழாசிரியப் பணி எனக்களித்த பழக்கம்.

மூன்றாம் நாள் காலையில் எதிர்வீட்டு அம்மையார் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, என் பித்தளைத் தவலை இன்னும் வரல. எங்க ஆத்தா குடுத்தது. வெள்ளிக்கிழம மகளுக்கு நிச்சயம், சீர்ச்சாமானோட அதையும் சபைல வைக்கணும்."

"இந்தா, பாத்துச் சொல்லிருவோம் சின்னம்மா" என்றாள் மருமகள். கணினி நிரல் எழுதுவதே அவள் தொழில். முதற்பட்டியலின் ஒவ்வொரு பாத்திரத்தையும் இரண்டாம் பட்டியலோடு ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ளவற்றை எடுத்துத் தரும் நிரலொன்றைக் காப்பி ஆறுவதற்குள் எழுதி முடித்தாள். விடை வந்தது. ஒத்தவை: சுழியம்.

"ஒண்ணுகூடத் திரும்பலையா? படிச்சவுக வீடுன்னு நம்பிக் குடுத்தா, தெருச் சாமான் பூராத்தையும் அமுக்கிட்டீகளாக்கும்!"

என் மனைவி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அதனை நான் அப்போது கருத்திற் கொள்ளவில்லை.

மருமகள் பட்டியல்களை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். "மாமா, எல்லாம் நீங்க கேட்ட அந்தக் கட்டம் பண்ற வேலை. வரும்போது எல்லாமே காலி. போகும்போது லட்டு, முறுக்கு, அரிசி. மூணும் ஒத்துப்போனாத்தான் இதுக்கு ஒரே பாத்திரம்."

இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புதல் எங்கள் பக்கத்து வழக்கமன்று. கணினி அதனை அறியாது, அதன்மேற் குற்றமில்லை. அடிக்குறியை மட்டும் ஒப்பிடுமாறு நிரல் திருத்தப்பட்டது. நாற்பது ஒத்தன. முதற்பட்டியலில் மட்டும் இருந்தது ஒன்று: எதிர்வீட்டுத் தவலை. ஆகவே அது எங்கள் வீட்டினுள்தான் இருந்தது.

மனைவி அடுக்களையிலிருந்து வந்து, அறைக்குட் சென்று, கட்டிலடியிலிருந்து தவலையை இழுத்து வந்தாள்.

"எல்லா வீட்டுக்கும் போட்டு முடிச்சப்ப நாலு முறுக்குத்தான் மிச்சம் மதினி. இம்புட்டுப் பெரிய தவலைல நாலு முறுக்கப் போட்டு எப்பிடிக் குடுத்துவிட?"

அம்மையார் உள்ளே எட்டிப் பார்த்தார். நான்கும் இருந்தன.

"இதுக்கா மூணு நாளா ஒளிச்சு வச்சிருந்தீக? வெறுமனே குடுத்தா நான் என்ன கடிச்சா வைப்பேன்? குடுங்க இங்கன."

மனைவி கொடுக்கவில்லை. வீட்டிலிருந்த ஒரே அரிசி மூட்டையைக் கொணர்ந்து, மூட்டை தீரத் தவலையின் வாய்வரை கொட்டினாள். பின்னர் அதனை ஒருவரால் அசைக்க இயலவில்லை. மருமகளும் நானும் எதிர்வீடு வரை சுமந்து சென்றோம்.

திரும்பியதும் என் பட்டியலின் இறுதி வரியை நிறைவு செய்தேன். உள்ளிருப்பு: பொன்னி அரிசி, அதனடியில் முறுக்கு நான்கு.

அன்று பகல் எங்கள் வீட்டில் உப்புமா.