உங்கள் அம்மா வெட்டக் கொடுத்த கூறைப்புடவை

பிள்ளைகளே, பீரோவில் அம்மாவின் கூறைப்புடவையைக் காணவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் தேடியதைப் பார்த்தேன். அப்பா விற்றுவிட்டாரோ என்று மூத்தவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிற கைக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அதனால் எழுதுகிறேன். அம்மா உள்ளே படுத்திருக்கிறாள்.

அம்மாவுக்கு வந்திருப்பது சினைப்பையில் புற்றுநோய். அது ஒரு தவக்காலத்தில் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கும்போது, "ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாலே வயிறு நெறஞ்சிருது. இந்த வருசம் ஆண்டவரே ஒருசந்திய லேசாக்கிட்டாரு" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். கோயிலில் மற்ற பெண்களிடமும் சொன்னாள். அவர்கள் பொறாமைப்பட்டார்கள். ஈஸ்டர் முடிந்தும் பசி வரவில்லை. வயிறு உப்பியது. வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தாள். சீக்கிரம் வயிறு நிறைவதும், உப்புவதும், அடிக்கடி ஒன்றுக்குப் போவதும் எதற்கெல்லாம் குறி என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஸ்கேன் எடுத்தபோது நோய் பரவியிருந்தது. ஆபரேஷன் ஆயிற்று, மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி மறுபடி முளைத்தது. பிறகு நோயும் மறுபடி வந்தது.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் பெரியம்மாவும் வயிறு உப்புகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரு ஸ்கேன் எடுத்துரு. நான் கூட வாரேன்."

"போளா. எனக்கு வாயு."

"எனக்கும் வாயுன்னுதான சொன்னேன்?"

"தெரிஞ்சா மட்டும் என்ன செய்ய? தெரிஞ்சு நீ என்னத்தக் கண்ட?"

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா மருந்து ஏற்றப் போகும் இடத்துக்கு உடை வடிவமைக்கப் படிக்கும் பிள்ளைகள் கொஞ்சம் பேர் வந்தார்கள். இந்த நோய் வந்த பெண்களிடம் அவர்கள் ஆசையாக வைத்திருக்கும் பட்டுப்புடவையை வாங்கி, வெட்டிப் புது உடையாகத் தைப்பார்கள். அதை அந்தப் பெண்களே உடுத்தி மேடையில் நடந்து வர வேண்டும். பிறகு உடைகளை ஏலம் விட்டு, அந்தப் பணத்தை இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கும், ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் எடுத்துச் சொல்வதற்கும் கொடுப்பார்கள். அம்மா என்னிடம் கேட்காமலே, "எங்கிட்ட கூறைப்புடவை இருக்கு" என்றாள்.

எங்கள் வீட்டுப் பக்கம் கூறைப்புடவையை வெட்ட மாட்டார்கள். கல்யாணத்தன்று உடுத்தியதை மடித்து வைத்திருந்து, கடைசியில் அதை உடுத்தித்தான் அடக்கம் செய்வார்கள். பெரியம்மா விஷயம் கேட்டு ஓடி வந்தாள்.

"ஏளா, உனக்குக் கிறுக்கா? அத வெட்டிட்டா அப்புறம் என்னத்த உடுத்தி..."

அம்மா சொன்னாள்: "நீ ஸ்கேனுக்கு வா. நான் குடுக்கல."

"பயங்காட்டுதியோ?"

"ஆமா. பயங்காட்டத்தான் செய்யுதேன்."

பெரியம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டாள். வெறும் பேச்சு என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் அம்மா புடவையை எடுத்து ஒரு தடவை முகத்தில் வைத்துக்கொண்டாள், என் கையில் கொடுத்தாள். "கொண்டு போய்க் குடுங்க. யோசிச்சா மனசு மாறிரும்" என்றாள். பைக்கில் போகும்போது புடவை இருந்த பை என் வயிற்றில் பட்டுக்கொண்டே வந்தது. திரும்பிவிடலாமா என்று துறைமுகச் சாலையில் வண்டியை நிறுத்தினேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். போய்க் கொடுத்துவிட்டேன்.

நிகழ்ச்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. உங்களை அன்று அத்தை வீட்டில் விட்டிருந்தோம். நடக்கப் பழக்கிய பிள்ளை, "தோள நிமித்துங்க ஆன்ட்டி" என்றாள். "நிமித்துனா வயிறுதான் முன்னால போகும், பரவால்லயா?" என்று அம்மா கேட்க, அந்தப் பிள்ளை சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். கூறைப்புடவை கணுக்கால் வரை தொங்கும் கவுனாகியிருந்தது. புடவையின் கரை கவுனின் இரண்டு கையிலும் ஓடியது. அம்மா மெதுவாக நடந்து வந்தாள். ஜனங்கள் கை தட்டினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, கடைசி வரிசையையே தேடினாள். பெரியம்மா அங்கே இருந்தாள். கையில் ஓடிய கரையைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

உடையை யாரோ ஏலத்தில் எடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அம்மா, "அதுவும் போச்சு, இவளும் வரல" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா எழுந்து நடமாடுவது குறைந்தது. வயிற்றில் சேரும் நீரை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மறுபடி சேர்ந்தது. மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் பெரியம்மா வந்தாள். கையில் ஒரு துணிப்பை. கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் அதை வைத்தாள். உள்ளே பெரியம்மாவின் கூறைப்புடவை.

"இத வச்சுக்க. நீ சும்மா போகக்கூடாது."

சண்டை போட்டுக்கொண்டே வளர்ந்தவர்கள் அவர்கள். நான் அடுக்களை வாசலில் நின்றேன். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள்.

"அப்ப உனக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"எனக்கென்ன, கெடக்கு."

"அக்கா, இத நான் வாங்கிக்கிடுதேன். ஆனா இன்னைக்கே ஸ்கேனுக்கு வரணும். வரலன்னா இதையும் அந்தப் பிள்ளைகள்ட்ட வெட்டக் குடுத்துருவேன்."

"பாவி" என்று சொல்லிப் பெரியம்மா அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். முளைத்த முடியும் மறுபடி கொட்டிப்போன தலை அது.

அன்றே மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். அம்மாவால் உட்கார முடியவில்லை. என்மேல் சாய்ந்துகொண்டு வந்தாள். "நீ வெளிய இரு" என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல் அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்தபடியே ஸ்கேன் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்த பெண் வெளியே வந்து இன்னொரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனாள். மறுபடி கதவைச் சாத்தினார்கள். வாயுவாக இருக்கட்டும் என்று வேண்டினேன்.

வராந்தாவில் யாருமில்லை. கதவுக்குப் பக்கத்தில் அக்கா தங்கை இரண்டு பேரின் செருப்புகளும் உள்ளே பார்த்துக் கழற்றியபடி கிடந்தன. வெளியே வந்ததும் இரண்டு பேரும் அப்படியே காலை நுழைக்கட்டும் என்று நான் குனிந்து இரண்டு ஜோடியையும் வெளியே பார்க்கத் திருப்பி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.