கடலூர் வரை போய்த் திரும்பிய வழக்கு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம், சிதம்பரத்தில் எங்கள் வீட்டுச் சந்தில் நடந்தது இது. எனக்குச் சிறுவயதிலேயே இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. மூன்று சக்கர ஸ்கூட்டரில்தான் என் தையல் கடைக்குப் போய்வருவேன். வண்டி தெருவுக்கு வர இருக்கும் ஒரே வழி அந்தச் சந்து.

அதில்தான் முன்வீட்டுக்காரர் இரும்பு கேட் போட்டுப் பூட்டினார். பத்திரத்தில் பொதுப் பாதை என்று தெளிவாக இருக்கிறது. கேட்டால், "பின்னால வாய்க்கா பக்கமா போயேன், யாரு வேணாங்குறா?" என்றார். அன்றிலிருந்து அண்ணன் என்னை முதுகில் சுமந்து வாய்க்காலைத் தாண்ட வேண்டியதாயிற்று. முப்பத்தெட்டு வயதில் தெருவே பார்க்க அப்படிப் போவதென்றால்! உடம்பெல்லாம் எரிந்தது.

விடுவேனா? தெரிந்த வக்கீலம்மா ஒருவரிடம் போனேன். பாதை இந்த ஊரில் இருக்கிறது, வழக்கின் மதிப்பும் சிறியது, அதனால் சிதம்பரம் முன்சீப் கோர்ட்டில்தான் போட வேண்டும் என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முன்வீட்டுக்காரர் பெரிய மனுஷர், நாலு கார் வந்து நிற்கிற வீடு. முன்சீப் கோர்ட்டுக்கெல்லாம் மசிவாரா? கடலூர் ஜில்லா கோர்ட் என்றால்தான் நடுங்குவார் என்று எனக்குள் ஒரு கணக்கு.

"கேஸு என்னுது. கடலூர்லயே போடுங்க" என்று துடுக்காகச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். நானும் விடவில்லை. வேறொரு வக்கீலைப் பிடித்துக் கடலூரில் போட வைத்து, தெருவெல்லாம் சொல்லியும் வைத்தேன்.

சில வாரங்களில் மனு திரும்பி வந்துவிட்டது. இந்த மதிப்புள்ள வழக்கு முன்சீப் கோர்ட்டுக்கு உரியது, அங்கே தாக்கல் செய்யவும் என்று எழுதியிருந்தது. அது எப்படியோ முன்வீட்டுக்காரர் காதுக்கு எட்ட, "கேஸு புட்டுக்கிச்சு" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தாராம். என் வீம்பால் அண்ணன் இன்னும் ஒரு மாதம் சுமந்தான்.

வெட்கத்தை விட்டு அதே வக்கீலம்மாவிடம் போனேன். திட்டுவார் என்று பார்த்தால், "திருப்பித்தான குடுத்திருக்காங்க, தள்ளுபடி பண்ணலியே. கையெழுத்துப் போடும்மா" என்றார். அழுகையே வந்துவிட்டது.

முன்சீப் கோர்ட், இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது. அவர் டேப் பிடித்து அளந்தார். சிமெண்டுத் தரையில் என் வண்டி வருடக்கணக்காகத் தேய்த்த தடம், பூட்டிய கேட்டுக்கு அடியில் புகுந்து தெருவரை போவதைப் போட்டோ எடுத்தார்.

வழக்கு முடியும்வரை கேட்டைத் திறந்துவைக்க உத்தரவாயிற்று. பூட்டைத் திறந்தவர் முறைத்தார். "மேல்கோர்ட்டுக்குப் போவேன், பாத்துக்க!"

"தாராளமா போங்க மாமா. இதுக்கு அடுத்தது சப் கோர்ட்டு. அதுவும் இந்த ஊர்லதான் இருக்கு. இனிமே அண்ணன் முதுகுல வர மாட்டேன், வண்டியிலயே வருவேன்" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்துக்கு நேராக ஹாரனை அழுத்தினேன்.

இன்றும் அந்த கேட்டைத் தாண்டும்போது வேண்டுமென்றே ஒருமுறை ஹாரன் அடிக்கிறேன். அவரைப் பணியவைக்க என் வழக்குக்கு உரிய கோர்ட்டே போதுமாயிருந்தது என்பதை, அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் நினைவுபடுத்தத்தான்.