ஆடிக்காக மாற்றிய லீவு

ஷார்ஜா தொழில்பேட்டையில் நான் வேலை பார்த்த யூனிஃபார்ம் கம்பெனியில் துணி வெட்ட இரண்டே பேர். ஒருவர் காஸாக்காரர், எல்லோருக்கும் மாஸ்டர். இன்னொருவன் நான், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், அவரிடம் திட்டு வாங்குவதற்கென்றே விசா எடுத்து வந்தவன். கட்டிங் மிஷினில் பிளேடு ஓடும்போது இடது கையில் இரும்புக் கண்ணி கோத்த கையுறை போட வேண்டும். இருந்தது ஒன்றே ஒன்று, அவருடையது. அவர் தொழுகைக்குப் போன நேரத்தில் நான் சோம்பல்பட்டு வெறுங்கையோடு வெட்டிக்கொண்டிருப்பேன். திரும்பி வந்து பார்த்தால் மனிதர் சுவிட்சையே அணைத்துவிடுவார்.

"போன விரல ஊர்லேர்ந்து பார்சல்ல அனுப்புவாங்களா பாய்?" என்று கேட்பார். எங்கள் பேச்செல்லாம் அவருக்குப் பாதியும் எனக்குப் பாதியும் தெரிந்த இந்தியில்தான், 'பாய்' என்றால் அதில் சகோதரன்.

டீ நேரத்தில் வீட்டைப் பற்றிச் சொல்வார். ஒரு மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு தளம் எழுப்புவார்களாம். அப்படியே நான்கு தளம் ஏறி, முப்பத்தாறு பேர் இருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அகலத்துக்கு இடமில்லாத ஊர், ஆகாயத்தைப் பார்த்துத்தான் வளர வேண்டும் என்பார். கீழ்த்தளத்தில் தம்பியின் தையல் கூடம். வெட்டிய துணி இஸ்ரேல் பக்கமிருந்து லாரியில் வரும், ஜீன்ஸாகித் திரும்பிப் போகும். சண்டைக்காரனுக்கே பேண்ட் தைக்கிறீர்களா என்று ஒருநாள் வாய்த்துடுக்காகக் கேட்டுவிட்டேன்.

"வேற யார் துணி குடுக்கிறா, நீ குடுக்கிறியா?" என்றார். நான் டீயைக் குடித்தேன்.

இருவரும் ஒரே நேரத்தில் லீவில் போகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். 2007இல் ஜூன் மாதம் எனக்கு, ஆகஸ்ட் கடைசி அவருக்கு என்று லிஸ்ட் போட்டிருந்தார்கள். எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்த நேரம் அது. பெண்ணுக்கு பி.எட். பரீட்சை ஆனி கடைசியில்தான் முடியும் என்றார்கள். அது முடிந்தால் ஆடி பிறந்துவிடும். அம்மா போனில் ஒரே பிடியாக நின்றாள்.

"ஆடியில தாலி கட்டுனா ஊரு சிரிக்கும்லே. ஆவணியில வாரதா இருந்தா வா, இல்லன்னா அடுத்த வருசம் பாப்போம்."

அடுத்த வருஷம் வரை பெண் வீட்டார் காத்திருப்பார்களா? கட்டிங் ரூமில் நான் மாட்டியிருந்த ஊர்க் காலண்டரை மாஸ்டரிடம் தூக்கிக் காட்டி, இந்தத் தாள் முதல் இந்தத் தாள் வரை கல்யாணம் கிடையாது என்று விளக்கினேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரு மாசம் முழுக்கவா? யார் போட்ட சட்டம்?"

"எங்க அம்மா."

"அப்ப கலாஸ், பேச்சு முடிஞ்சுது. எங்க அம்மாவுக்கு நான் எந்த மாசம் வந்தாலும் ஒண்ணுதான். ஜூன்ல நான் போறேன், ஆகஸ்ட்ல நீ போ."

கிளம்பும்போது கையுறையை என் டிராயரில் வைத்தார். வரும்வரை கழற்றக் கூடாது என்று விரலை ஆட்டினார்.

ஜூன் முதல் வாரத்தில் எகிப்து வழியாக உள்ளே போனார். அடுத்த வாரமே அங்கே இரண்டு கட்சிக்காரர்களுக்குள் அடிதடி, துப்பாக்கிச் சண்டை. எல்லை வாசலை மூடிவிட்டார்கள் என்று டீக்கடை டிவியில் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் நான் பயந்தது அவருக்காக இல்லை. அவர் வராவிட்டால் என்னை விடமாட்டார்களே, என் கல்யாணம் என்னாகும் என்றுதான். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

அவருடைய போன் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வந்தது. துணி லாரி நின்றுபோனதால் தம்பி கூடத்தைப் பூட்டிவிட்டாராம். தைத்து முடித்த ஜீன்ஸ் மூட்டை மூட்டையாகப் படிக்கட்டு வரை கிடக்கிறதாம். சிமெண்டும் வரவில்லை, அதனால் ஐந்தாவது தளம் இல்லை, கடைசித் தம்பிக்குக் கல்யாணமும் இல்லை.

"உனக்கு மாசம் தடுக்குது, எங்களுக்கு சிமெண்ட் தடுக்குது பாய்" என்று சிரித்தார். முப்பத்தாறு பேருக்கும் இனி அவருடைய ஷார்ஜா வேலை ஒன்றுதான் கதி என்பதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

அந்த வேலைக்கும் கெடு இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் இந்த நாட்டு விசா செத்துவிடும். டிசம்பர் முதல் வாரத்துத் தாளில் பேனாவால் வட்டம் போட்டேன். ஆகஸ்டில் அவர் முறை வந்திருந்தால், மூடிய எல்லையைப் பார்த்து இங்கேயே இருந்திருப்பார். என் ஆடிதான் அவரை உள்ளே அனுப்பிப் பூட்டியது. ரூமில் இதைச் சொன்னால், "நீயா வாசல மூடுன, பேசாம தூங்குடே" என்பார்கள். தூக்கம் வர வேண்டுமே.

மேனேஜர் கைகாலில் விழாத குறையாகக் கேட்டு, ஆவணியில் இருபது நாள் லீவில் போய்த் தாலி கட்டினேன். கல்யாணப் போட்டோவில் திருட்டு முழி முழித்துக்கொண்டு நிற்கிறேன். திரும்பி வந்ததும் தினம் காலையில் தாளைக் கிழித்தேன். கிழிக்கக் கிழிக்கக் காலண்டர் மெலிந்தது, எல்லை திறக்கவில்லை. ஒருநாள் வட்டம் போட்ட தாளையும் கிழித்தேன்.

மறுவாரம் மேனேஜர் கட்டிங் ரூமுக்கு வந்தார்.

"அவருக்கு விசா கலாஸ். இனி நீதான் மாஸ்டர். அந்த டேபிளுக்குப் போ."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். புதிதாகக் கல்யாணம் ஆனவன், சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் போன் வந்தபோது நான் அவருடைய டேபிளில் பேண்ட் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். பெண்டாட்டி நலமா என்று கேட்டார், அம்மாவைக் கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"என் டேபிள்ல யாரையாவது போட்டாங்களா?"

"இல்ல மாஸ்டர். அப்படியேதான் இருக்கு. நீங்க வந்தா உக்கார வேண்டியதுதான்."

சொன்ன பிறகுதான் அவருடைய மிஷினை அணைக்காதது உறைத்தது. பிளேடு ஓடிக்கொண்டே இருந்தது. பதினெட்டு வருஷம் அந்த மிஷினோடு இருந்தவருக்கு அந்தச் சத்தம் தெரியாதா? லைன் போய்விட்டது என்று கூட நினைத்தேன், போயிருந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"பாய்" என்றார் கடைசியில். "கையுறை போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்" என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் அவரிடம் சொன்ன உண்மை.