இரண்டு ராபர்ட்டுகள்

ஷார்ஜாவில் வீட்டிலிருந்தபடியே, அமெரிக்கர்களுக்கு அவர்களுடைய முன்னோரைத் தேடிக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் ஒரு அம்மாள் தன் வம்சத்தைக் கேட்டார். ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்து போய், சில தலைமுறை கழித்து, பிரிட்டிஷ்காரர் ஆண்ட அமெரிக்காவில் குடியேறிய குடும்பம்.

சர்ச் பதிவில் ஒரே தாய் தகப்பனுக்கு இரண்டு ராபர்ட் இருந்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு யாராவது ஒரே பெயர் வைப்பார்களா? எழுதியவர் செய்த பிழை என்று முதலாமவனை நீக்கி அனுப்பிவிட்டேன்.

அந்த அம்மாள் போனில் அழைத்தார். முதல் ராபர்ட் கைக்குழந்தையிலேயே இறந்துவிட்டானாம். அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அவர்கள் வழக்கமாம். "அவனைப் பிறக்காதவனாகவே ஆக்கிவிட்டாயே" என்றார்.

மன்னிப்புக் கேட்டுத் திருத்தினேன். மனம்தான் ஆறவில்லை. என் முதல் பெண் பிறந்த சில நாளில் இறந்தாள். இந்த ஊர் மணலில்தான் புதைத்தோம்.

அந்த வார லீவில் நண்பர் வீட்டு விருந்தில், "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒரே பையன்தான்" என்றார் என் கணவர், தட்டிலிருந்து நிமிராமல்.

"ரெண்டு" என்றேன். "மூத்தவ பொறந்த கொஞ்ச நாள்லயே போயிட்டா."

காரில் ஏறியதும் அவர் சொன்னார்: "நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டியே. அதெல்லாம் ஒரு கணக்கா?"

இப்போது பதிவில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் எதையும் நீக்குவதில்லை. என்னை யார் கேட்டாலும் இரண்டு என்றுதான் சொல்கிறேன். அவர் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன்.