கோணலாக ஏறிய இரண்டு சுற்று

எங்கள் இரண்டு கடைகளுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் நான் துணி தைக்கிறேன். அந்தப் பக்கம் லேத்துக்காரர் இரும்பு கடைகிறார். அவர் லேத்தை ஓட்டினால் என் மேசையில் குண்டூசி டப்பா தானாக நகரும். அதனால் அவர் தொழிலைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு. ஆசைப்பட்டுத் தெரிந்துகொண்டதல்ல, காதில் விழுந்தது.

மரை, அதாவது ஸ்க்ரூவைப் பிடிக்கிற திருகு வரி, அதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. பைக் எஞ்சின், தண்ணீர் பம்ப், ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால், எதில் மரை அழிந்தாலும் அவரிடம்தான் வரும். ஸ்க்ரூவை நேராகப் பிடிக்காமல் அவசரத்தில் முடுக்கினால் அது கோணலாக ஏறி, துளையின் மரையையும் சேர்த்துத் தின்றுவிடும். அப்படிக் கொண்டுவருகிற ஆட்களை அவர் சும்மா விடுவதில்லை. "முதல் சுத்தை விரலால போடணும், ஸ்பேனரை அப்புறம் எடுக்கணும். இதுக்கு என்ன காலேஜுக்கா போகணும்?" திட்டிவிட்டுத் துளையைப் பெரிதாக்கி, உள்ளே ஒரு குழாய்த்துண்டை இறக்கி, அதில் புது மரை வெட்டிக் கொடுப்பார். மரை கழண்ட கேஸெல்லாம் தன்னிடம்தான் வரும் என்பது அவருடைய ஒரே ஜோக். நான் அதற்குச் சிரிப்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது.

தொழில் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா செய்த ஸ்க்ரூவை அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவியே அடையாளம் சொல்வார். மரை தொடங்குகிற இடத்தில் கூராக ஒரு அரை மரை நிற்கும். கோணலாகக் கடிப்பது அதுதான். அப்பா ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் அதை அரத்தால் அராவி எடுத்துவிடுவார். வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது, லேத்துக்காரர் உட்பட.

அவருடைய அண்ணனை நான் பெரியவர் என்று கூப்பிடுவேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவர். மூத்த மகன் லேத்தைத் தொடாமல் ஆபீஸுக்குப் போனதற்கு அந்த வீட்டில் ஒரு கதை உண்டு. அவர்களிடம் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழல் வாயில் மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, குண்டை உள்ளே தள்ளுகிற ரகம். குழலின் அடியில் நிப்பிள் என்று ஒரு சின்னத் துண்டு திருகியிருக்கும், நடுவில் ஊசித்துளையோடு. அதன் தலையில் பொட்டுவெடி மாதிரி ஒரு கேப் வைத்து, சுத்தியல் மாதிரி இருக்கும் குதிரையைத் தட்டிவிட்டால், பொறி துளை வழியாகப் போய் மருந்தைப் பற்றவைக்கும். சின்ன வயதில் பெரியவர் அந்த நிப்பிளைக் கழற்றி, திரும்பப் போடும்போது கோணலாக ஏற்றிவிட்டார். அப்பா பார்த்துவிட்டு, "இந்தக் கையோட பட்டறைப் பக்கம் வராதே" என்றார். அவ்வளவுதான், மூத்தவருக்குத் தொழில் முடிந்தது.

அம்மா வைத்த பெயர் கோணல். சொந்தக்காரர்களின் பொடிசுகள்கூட கோணல் பெரியப்பா என்றுதான் சொல்லும். அவரும் அதை நம்பிவிட்டார். வீட்டில் ஒரு பல்பு மாட்டுவதற்கும் தம்பிக்குத்தான் போன். "நான் போட்டா கோணலாப் போயிடும்டா" என்பார். வளர்ந்த மனிதர் இப்படிப் பேசுவதைக் கேட்க எனக்கு எரிச்சலாக இருக்கும்.

போன மாதம் அந்தத் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தார்.

"பொண்ணு வீட்டோட போயிடலாம்னு இருக்கேன்டா. இதைத் தூக்கிட்டுப் போக முடியாது. அப்பா போட்டோவுக்குக் கீழ நீயே மாட்டிக்கோ. அதுக்கு முன்னாடி அந்த மரையைச் சரி பண்ணிடு."

"சுவத்துல தொங்கப்போறதுக்கு எதுக்குண்ணே மரை?"

"நான் கெடுத்தது. அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரலை."

"இத்தனை நாளா ஏன் கொண்டுவரலே?"

"நீ சிரிப்பே."

லேத்துக்காரர் சிரிக்கவில்லை.

மறுநாள் அதை எடுத்து வைத்தார். துளையில் நிப்பிள் இல்லை. அந்த இடத்தில் தலை அறுக்கப்பட்ட ஒரு ஸ்க்ரூ, நகக்கனம் மட்டும் வெளியே தெரிய, துருவேறிக் கிடந்தது. அதில் கைவைக்கும் முன், பழைய துப்பாக்கிக்குச் செய்ய வேண்டிய முறைப்படி, ஒரு கம்பியைக் குழல் வாயில் இறக்கி, வாய் விளிம்பு வந்த இடத்தில் கம்பியில் சாக்பீஸ் கோடு போட்டார். கோடு வாயில் நிற்க, அதே கம்பியை வெளியே குழலோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். நுனி அடிவரை எட்டவில்லை. நாலு விரல் குறைந்தது.

"டெய்லரே, கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"ஏன்?"

"இது உள்ள சரக்கோட இருக்கு."

போய் நின்றேன். வெளியே மட்டும் அல்ல, எதிர்ச் சாரியிலேயே போய் நின்றேன்.

கரிமருந்து எத்தனை வருஷம் காய்ந்து கிடந்தாலும் சாகாது. தண்ணீர் பட்டால்தான் சாகும். குழலை நிமிர்த்தி, வாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, நன்றாக ஊறவிட்டார். அதற்குப் பிறகே நுனியில் திருகு வைத்த கம்பியை விட்டு இழுத்தார். முதலில் மக்கிய துணி வந்தது, பிறகு ஈயக்குண்டு, கடைசியில் கறுப்புச் சேறு. என்னை உள்ளே கூப்பிட்டுக் குண்டை என் உள்ளங்கையில் வைத்தார். கோட்டுப் பொத்தான் அளவுதான் இருந்தது. கனத்தைப் பார்த்ததும் உடனே மேசையில் வைத்துவிட்டேன்.

ஸ்க்ரூவின் வெளி நுனியில் ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு, எண்ணெய் விட்டு, பொறுமையாகத் திருப்பி எடுத்தார். துடைத்து வெளிச்சத்தில் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். தொடக்கத்தில் அரை மரை இல்லை. சுத்தமாக அராவி எடுத்திருந்தது.

"இது அப்பா போட்டது" என்றார்.

நடுவில் துளை கிடையாது, முழு இரும்பு. கீழே பாதிக்கு மரை. மேல் பாதி மெல்லிசாக, வழுவழுப்பாகக் கடையப்பட்டிருந்தது. துப்பாக்கித் துளைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். வாய்ப்பக்கம் இரண்டு சுற்று மட்டும் கோணலாகக் கிழிந்து விரிந்திருந்தது, அடியில் மரை நன்றாக இருந்தது. அப்பாவின் ஸ்க்ரூ அந்தக் கோணலை உரசாமல் தாண்டிப் போய் அடி மரையைப் பிடித்திருக்கிறது.

"அவருக்கு இது பெரிய வேலையே இல்ல. சரி பண்ணியிருக்கலாம், பண்ணலை. அடைச்சு வச்சிருக்கார்."

பெரியவரைக் கூப்பிட்டார். அவர் வந்து மேசையில் இருந்த குண்டைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பார்க்காமலே அதில் உட்கார்ந்தார்.

"இது அதுக்குள்ளயா இருந்துச்சு?"

"ஆமா."

"காலியா இருக்குன்னு நினைச்சேன்டா." குண்டை விரலால் உருட்டிப் பார்த்தார். "போலீஸ் திருடன் விளையாடினோம். கேப்புக்கு எங்க போறது? தீக்குச்சி மருந்தைச் சுரண்டி அடைக்கலாம்னு நிப்பிளைக் கழட்டினேன். திரும்பப் போட்டா கோணிக்கிச்சு. கிடக்கட்டும்னு அதோட தலையில தீக்குச்சி மருந்தை வச்சேன். நீதான் திருடன். கதவுல சாஞ்சு நின்னே. உன் நெத்திக்கு நேரா பிடிச்சு விசையை அமுக்கினேன்."

"எனக்கு ஞாபகமே இல்ல."

"புஸ்ஸுனு மேல ஒரு நெருப்பு வந்துச்சு. நீ கை தட்டிச் சிரிச்சே. ராத்திரி அப்பா அதை எடுத்துப் பார்த்தார். நிப்பிளை மோந்து பார்த்தார். குழல்ல கம்பி விட்டார். என்னை அடிக்கலை. கை நடுங்குச்சு அவருக்கு. மரை போன கோபம்னு நினைச்சேன்."

"மருந்தை ஏன் வெளிய எடுக்கலே?"

"எடுத்தா அம்மா பார்த்திருப்பா. பசங்க இருக்கிற வீட்டுல நிரப்பி வச்சது யாருன்னு அப்பாவைக் கேட்டிருப்பா."

தன் தப்பை ஒரு பையன் தலையில் போட்டு, அவன் கிழவனாகும் வரை அதிலேயே விட்டுவைத்த அந்த அப்பாவை எனக்குப் பிடிக்கவில்லை. செத்தவரைப் பற்றி அந்த வீட்டு ஆட்களிடம் இதைச் சொல்ல முடியாது.

லேத்துக்காரர் ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். துளைக்குள் நேராக விட்டார். தடையில்லாமல் குழலின் உள்ளே போனது. அடுத்து அந்தக் கோணல் சுற்றின் சாய்வில் விட்டார். பக்கத்து இரும்பில் முட்டி நின்றது.

"பாருண்ணே. கோணலா ஏறினதால பொறிக்கு வழி அடைச்சுக்கிச்சு. நீ ஒழுங்காப் போட்டிருந்தா நான் அங்கேயே போயிருப்பேன்."

பெரியவர் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ சரி பண்ண மாட்டியா?"

"மாட்டேன். இந்த ரெண்டு சுத்து மேல யார் கையும் படக் கூடாது." அப்பாவின் ஸ்க்ரூவை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். "இதை மட்டும் திரும்பப் போட்டு மூடிடலாம். நீ போடு."

"வேணாம்டா. கோணலாப் போயிடும்."

"போகாது. அதுல அரை மரையே இல்ல, கோணலாக் கடிக்க முடியாது. விரலால போடு."

பெரியவர் ஸ்க்ரூவைத் துளையில் வைத்துத் திருப்பினார். கோணல் இருந்த இடத்தைத் தாண்டி இறங்கி, அடியில் மெதுவாகப் பிடித்து, நேராக ஏறியது. தம்பி திரும்பிப் போய் ஏதோ பம்ப் வேலைக்கு லேத்தை ஓடவிட்டார். நானும் என் கடைக்குத் திரும்பினேன். அந்தச் சத்தத்தில் பெரியவர் அழுதது தெருவுக்குக் கேட்கவில்லை, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

கடை அடைக்கும்போது எட்டிப் பார்த்தேன். பெரியவர் போட்டதை மறுபடி கழற்றிக் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னொரு தடவை போடுறேன், பாருங்க டெய்லரே" என்றார்.