ஸ்டெல்லா மேடம் மூடி வைத்த குடுவை

காலையில் ஸ்டெல்லா மேடத்தின் தம்பி கூப்பிட்டார். "அக்கா போய்ட்டாங்க சார். ஆஸ்பத்திரிலேர்ந்து சேத்துப்பட்டு வீட்டுக்கு இட்டுகினு வந்துகினு இருக்கோம்." அப்போது நான் கல்லூரி ஆய்வகத்தில், அவர் துணி போட்டு மூடிவிட்டுப் போன குடுவையின் முன் நின்றிருந்தேன். இதை இனி என்ன செய்வது என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியிருக்கலாமா என்று இன்னும் தெரியவில்லை.

மேடமும் நானும் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்கள். கல்லூரி எங்களுக்கு ஒரு மேசையை விட்டுவைத்திருந்தது. ஆரணியில் பட்டுச் சேலை அலசும் பூந்திக்கொட்டையின் தோலில் நுரை தரும் பொருள், சர்க்கரைகள் ஒட்டிய ட்ரைடெர்பீன் என்ற தாவரச் சேர்மம். அமிலத்தில் கொதிக்கவைத்துச் சர்க்கரைகளைக் கழற்றி, ட்ரைடெர்பீனைப் பிரித்து, அதை அசெட்டேட் என்ற இன்னொரு சேர்மமாக மாற்றுவது எங்கள் வேலை.

முதல் சாற்றை வற்றவைத்தபோது நுரை பொங்கிக் கண்ணாடிக் குழாய்க்குள் ஏறியது. நான் அலறிவிட்டேன். "ஏன் சார் பேஜாராவுறீங்க? பூந்திக்கொட்ட நுரைக்காம மல்லிப்பூவா பூக்கும்?" என்று மேடம் சிரித்தார். அவரிடம் படித்த உங்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். வழிந்ததைத் துடைத்துவிட்டு, பெரிய குடுவையில் கொஞ்சமாக ஊற்றி மறுபடி தொடங்கினார்.

படிகமாக்கும்போதுதான் எனக்குப் பயம் அதிகம். சூடான மெத்தனால் கரைசலில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, லேசாகக் கலங்கியதும் நிறுத்தி, அசைக்காமல் வைக்க வேண்டும். போதாதோ என்று நான் இன்னொரு சொட்டு விடுவேன். பிறகு குடுவையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். எல்லாம் அடியில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். "அடகாக்குற கோழிய இப்படித்தான் தூக்கிப் பாப்பீங்களா? உக்காருங்க சார்" என்று தன் பழைய பட்டுச் சேலைத் துண்டைக் குடுவைமேல் போட்டார். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

கடைசியாக மாற்றிய அசெட்டேட் முழுவதும் அந்த ஒரு குடுவையில்தான் இருந்தது. தண்ணீர் விட்டது அவர். "நான் வர்ற வரைக்கும் துணிய எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனார். பிசினாகியிருந்தால், தோலை ஊறவைப்பதிலிருந்து நான் தனியாகத் தொடங்க வேண்டும். என்னால் முடியுமா?

அடக்கத்துக்கு மறுநாள் கை துணிவரை போய்த் திரும்பியது. தேவாலயத்தில் ஏழாம் நாள் பூசை முடியும்வரை பொறுத்து, பிறகு எடுத்தேன். கண்ணாடியின் உட்புறமெங்கும் வெள்ளை ஊசிகளாகப் படிகங்கள். நாங்கள் நினைத்த பொருள்தானா என்று உருகுநிலை பார்க்க வேண்டும். அந்தப் பயம் தனி.

மேசையில் இருந்த அவர் பொருள்களைத் தம்பியிடம் ஒப்படைத்தேன். துணியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊசிகளை வடிகட்டியபின் கரைசலில் மிஞ்சியதைப் படிகமாக்க இன்று நானே தண்ணீர் விட்டேன். கலங்கியதும் நிறுத்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். குடுவைமேல் துணி கிடக்கிறது. அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.