குங்குமம் வைத்த சீன அலுமாரி

அலுமாரிக் கதவைத் திறந்ததும் கற்பூரம் மணக்கும். அந்த மணத்தில்தான் அம்மா மயங்கினார். நானோ உருண்டைகளைக் கவ்வி நின்ற அதன் நகக் கால்களைக் கண்டு நடுங்கினேன். நாங்கள் வந்து குடியேறிய எம்மன்புரூக்கே நகரில் அம்மா ‘புட்ஸ்’ வேலைக்கு, அதாவது வீடு துடைக்கப் போன வீட்டுக்காரி ஃபிராவ் கெல்லர், இடுப்புச் சத்திரசிகிச்சைக்குப் போகும்போது, தன் வீட்டில் திருத்த வேலை நடப்பதால் அந்த அலுமாரியை எங்களிடம் பார்த்துக்கொள்ளத் தந்திருந்தார். ஐரோப்பியருக்கு விற்பதற்காக ஐரோப்பிய மாதிரியைப் பார்த்துச் சீனத் தச்சர்கள் எப்போதோ செய்த சாமான் அது. கறுப்பு அரக்குக் கதவில் பொன்னால் தீட்டிய இரண்டு சீமாட்டிகள்: பாவாடை ஐரோப்பாவினுடையது, கண்கள் சீனாவினுடையவை.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியால் வந்து பார்த்தால், இருவர் நெற்றியிலும் எண்ணெயில் குழைத்த குங்குமம்.

“வீட்டுக்கு வந்த பொம்பிளையளை வெறும் நெத்தியோடை விடுறதோ?” என்றார் அம்மா.

“அப்ப பூவும் வைச்சு விடுங்கோவன்,” என்று நான் பகிடி விட்டேன்.

வேலை தேடி அலைந்துவிட்டு வந்த அப்பாவின் முகம் வெளிறியது. “என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்? அந்தக் கெல்லர் மனிசி உம்மை வேலையாலை நிப்பாட்டினா எங்கடை விசா என்னாகும்?”

அம்மாவின் வேலையைக் காட்டித்தான் அந்த வருடம் விசாவை நீட்டிக்க இருந்தோம். அப்பா ஈரத்துணியால் மெல்லத் துடைத்தார். குங்குமம் அசையவில்லை, பொன்தான் துணியில் ஒட்டி வந்தது. அதற்குப் பிறகு படிக்கட்டில் காலடி கேட்டாலே நான் கதவோரம் போய் ஒட்டுக்கேட்பேன்.

ஃபிராவ் கெல்லர் தடியூன்றி வந்தார். அலுமாரியின்மேல் அம்மா போர்த்தியிருந்த சேலையை இழுத்துவிட்டு, மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்தார்.

“டேய், ஏதாவது சமாளிச்சுக் கதையடா!” என்று அம்மா என் விரல்களை நெரித்தார். ஊரையே பகிடி பண்ணும் நான் ஜெர்மனில் ஒரு பொய் தேடினேன். கடைசியில், வீட்டுக்கு வரும் பெண்களுக்கு இப்படித்தான் வைப்போம் என்று உள்ளதையே உளறினேன்.

அவர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. அந்தக் குங்குமத்தை இனித் துடைக்க வேண்டாம் என்றார். திங்கட்கிழமை அம்மாவை வேலைக்கு வரச் சொன்னார், வீடெல்லாம் தூசியாம். அப்பா அதை நம்பவில்லை. திங்கட்கிழமை அம்மா வேலை முடிந்து வரும்வரை ஜன்னலை விட்டு அசையவேயில்லை.

இன்று ஃபிராவ் கெல்லர் இல்லை. அவர் இருந்த கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அலுமாரியை அவருடைய உறவினர்கள் யாரோ ஒருவருக்கு விற்றுவிட்டார்களாம். யாராவது ஒரு நிபுணர் பூதக்கண்ணாடியோடு குனிந்து, அந்தச் சிவப்பைப் பழைய சீன வழக்கம் என்று எழுதி வைத்திருப்பார். எழுதட்டும். நானாகப் போய்த் திருத்த மாட்டேன். அந்தப் பயம் ஒருமுறை போதும்.